அழவிடாத தொட்டில்

குடலிறக்கம் உள்ள குழந்தை வீறிட்டு அழுதால் வயிறு இறுகும். அந்த அழுத்தத்தில் குடல் தொடையிடுக்கு வழியே நழுவி, கோலிக்குண்டு போலப் புடைக்கும். அழுகை நின்றால் உள்ளே போய்விடும். போகாமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ரெஜினா வாங்கிய தானியங்கித் தொட்டிலோ அவள் கைக்குழந்தை ஆல்வினை அழவே விடாது. உதடு பிதுங்கியதுமே ஆட்டிப் பாடி அமர்த்திவிடும்.

"வீக்கமே இல்லையேம்மா," என்றார் திரையில் டாக்டர், மூன்றாம் முறையாக.

"காலையில இருந்துச்சு டாக்டர்! போனை எடுக்கத் தொட்டில்ல போட்டேன், அதுக்குள்ள இந்தச் சனியன் தாலாட்டிடுச்சு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையின் தொடையைக் கிள்ளினாள். ஆல்வின் அலறினான். புடைப்பு எழுந்தது.

"தெரியுது! இன்னைக்கே தூக்கிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

தொட்டில் கனிவாகப் பேசியது: "குழந்தையைக் கிள்ளினீர்கள். குழந்தைகள் நலத்துறைக்குப் புகார் அனுப்பப்படுகிறது."

"அனுப்பு," என்றாள் ரெஜினா. "எதுக்குக் கிள்ளினேன்னும் சேர்த்து அனுப்பு."