அந்த இடத்தில் இருந்தவர்

"மட்ட மத்தியானம். கடல் அலையே இல்லாம கண்ணாடி மாதிரி கிடக்குது. அந்த நேரத்துல பெரிஸ்கோப்பை வெளியே நீட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. கவனக்குறைவுன்னு அன்னிக்கே எழுதிட்டாங்களே, கேப்டன்?" என்றார் கமிட்டித் தலைவர், ஃபைலைப் புரட்டியபடி.

கேப்டனுக்குச் சுருக்கென்றது. தலைவர் போர் முடிந்து பத்து வருஷம் கழித்துப் பிறந்தவர். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, நீர்மூழ்கிக் கப்பலை எப்படி ஓட்டுவது என்று இவருக்குப் பாடம் எடுக்கிறார்!

"வேணும்னுதான் நீட்டினேன் சார். காயம்பட்ட எழுநூறு பேரோட ஒரு கப்பல் வளைகுடாவுக்குள்ள மாட்டிக்கிட்டு நின்னுது. வாசல்ல எதிரிக் கப்பல் ரெண்டு காவல். அதுங்க கண்ணுல பட்டு, என் பின்னாடி இழுத்துட்டுப் போனாத்தான் இவங்க தப்பிக்க முடியும்."

"அதை நீங்க மட்டும்தானே சொல்றீங்க?"

ஐம்பது வருஷமாக இதே கேள்விதான். பத்தொன்பது மணி நேரம் தலைக்கு மேல் குண்டு வெடிக்க, தன் ஆட்கள் முப்பத்திரண்டு பேரையும் உயிரோடு கரை சேர்த்தவருக்குக் கடைசியில் கிடைத்தது மேஜை வேலை. அதன்பின் அவரை நம்பி ஒரு படகைக்கூடத் தரவில்லை. போதாக்குறைக்கு, கடற்படைப் பள்ளியில் 'இப்படிச் செய்யவே கூடாது' என்று அவர் கதையை வருஷா வருஷம் பாடமாக நடத்துகிறார்கள். பதக்கம் கிடக்கட்டும். கண்ணை மூடுவதற்குள் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் போதும் அவருக்கு.

பழைய முடிவுகளை மாற்ற இந்த வருஷம்தான் வழி விட்டிருக்கிறார்கள். அதற்கு விதி ஒன்றுதான். அன்று அந்த இடத்தில் இருந்த வேறு ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய ஆட்களில் கடைசி ஆளும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். வளைகுடாவுக்குள் மாட்டியிருந்த கப்பலில் இருந்தவர்களோ இதைப் பார்க்கவே இல்லை.

"சாட்சி வந்திருக்காரு சார்," என்றாள் பக்கத்தில் இருந்த மகள்.

கேப்டன் திடுக்கிட்டுத் திரும்பினார். கமுக்கமாக என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறாள் இவள்? கைத்தடியை ஊன்றியபடி ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கேப்டனை ஏற இறங்கப் பார்த்தார். பெரியவர் முகத்தில் வெகுநாள் ஆசை நிறைவேறிய சந்தோஷம் தெரிந்தது.

"யாரும்மா இது?"

"அவரு பேசட்டும்ப்பா. கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

பெரியவர் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து நிதானமாகப் பேசினார். "அந்தக் குழாய் மூணு தடவை வெளியே வந்தது சார். முதல்ல பன்னிரண்டு பத்துக்கு. அரை மணி கழிச்சு, தெற்கே தள்ளி ரெண்டாவது. அப்புறம் இன்னும் தெற்கே. அந்தத் தடவை ஒரு நிமிஷம் முழுசா உள்ளே போகவே இல்லை. தப்பு செய்யறவன் ஒரு தடவை செய்வான். ஒரே திசையில மூணு தடவையா செய்வான்?"

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்புறம்?"

"அப்புறம் குண்டுதான். நூத்திப் பதினாலு. எல்லாத்தையும் எண்ணினேன். குண்டு விழுந்தா யாரா இருந்தாலும் ஆழத்துக்குத்தான் ஓடுவாங்க. இவர் ஆழமே இல்லாத இடத்துல போய், மூச்சுக் காட்டாம படுத்துட்டார். அப்படி ஒரு துணிச்சலை நான் அதுக்கப்புறம் பார்த்ததில்லை. மறுநாள் காலையில திரும்பி வந்து பார்த்தா வளைகுடா காலி. அந்தப் பெரிய கப்பல் போயே போச்சு!"

அதுவரை உச்சி குளிர்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்த கேப்டனின் முகம் சட்டென்று கறுத்தது. திரும்பி வந்தார்களாமா? பேட்டரி தீர்ந்து, விட்டால் போதும் என்று நேரே துறைமுகத்துக்கு ஓடியவர்கள் கேப்டனும் அவர் ஆட்களும். வளைகுடாப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அப்படியென்றால் மற்றதெல்லாம்? நேரம், திசை, மூன்று தடவை எல்லாமே அவர் மனுவில் எழுதியிருப்பதுதான். மகள் யாரையோ பிடித்து, அதை உருப்போட வைத்துக் கூட்டி வந்துவிட்டாள்.

தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "நியாயமாத்தான் படுது. எழுதிடலாம்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஐம்பது வருஷ அவமானம் இந்த நிமிஷத்தோடு ஒழிந்துவிடும். கேப்டன் ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எழுதாதீங்க சார். இவர் என் கப்பல்ல இருந்தவரே இல்லை. என் ஆளுங்க முப்பத்திரண்டு பேர் முகமும் எனக்குத் தெரியும். அன்னிக்கு நாங்க வளைகுடாவுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. பொய்ச் சாட்சி சொல்லித்தான் என் பேரைக் காப்பாத்தணும்னா, அந்தப் பேரே எனக்கு வேண்டாம்."

"அப்பா! அவசரப்படாதீங்க..."

"நீ பேசாதே!"

தலைவரின் குரல் கடுமையானது. "என்ன பெரியவரே, கமிட்டி முன்னாடி விளையாடறீங்களா?"

பெரியவர் பதறவில்லை. கைத்தடியை மேஜையில் சாய்த்து வைத்தார். முதுகை நிமிர்த்தி, கேப்டனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"கேப்டன் சொல்றது அத்தனையும் நிஜம் சார், நான் அவர் கப்பல்ல இல்லை. நூத்திப் பதினாலு குண்டையும் அவர் தலைமேல போட்ட எதிரித் தளபதி நான்தான். நீங்க தப்புன்னு நடத்தற பாடத்தை எங்க நாட்டுப் பள்ளிக்கூடத்துல 'இப்படித்தான் செய்யணும்'னு ஐம்பது வருஷமா நடத்திக்கிட்டிருக்கோம்."