ஒரே ஓர் இடம்

முட்டுக்காட்டு விடுதிப் புல்தரையில் புது டீமுக்கு ஆள் பொறுக்குகிறார் மேனேஜர் கிருபாகரன். இருப்பது ஒரே இடம். ஹனியாவும் கவியாவும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தியின் பலத்தையும் பலவீனத்தையும் மற்றவள் சொல்ல வேண்டும். உப்பங்கழி வெயிலில் கண் கூசுகிறது. "கவியா மாடு மாதிரி உழைப்பா சார்," என்கிறாள் ஹனியா, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே. "ஆனா கிளையன்ட் முன்னாடி நிறுத்த முடியாது. வாயத் தொறந்தா அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுதான்." சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "இப்ப நீ சொல்லும்மா," என்கிறார் கிருபாகரன். படகு மோட்டார் ஒன்று இரைந்து அடங்குகிறது. காலையில் பஸ்ஸில் ஹனியா காதோடு காதாகச் சொன்னதைக் கவியா நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறாள்: "ஹனியா நல்லா பேசுவா சார். ஆனா இப்ப முழுகாம கீறா." ஹனியாவின் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. "கங்கிராட்ஸ்மா," என்றபடியே கிருபாகரன் கவியாவின் பக்கம் திரும்புகிறார்.