பெயர் இல்லாத கட்டம்

ஆம்பூர் தோல் கம்பெனியின் மாடி அறையில், வெள்ளைப் பலகை முன் மார்க்கரோடு நிற்கிறாள் ஜெனிஃபா. ஜன்னலில் காலை வெயிலோடு, தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றமும் ஏறி வருகிறது. தொழிலாளர் காப்பீட்டு டேட்டாபேஸுக்கான படம் பலகை நிறைய விரிந்திருக்கிறது. பாலிசிக்கு ஒரு கட்டம், தொழிலாளிக்கு ஒன்று, வாரிசுக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று. யாருக்கு யார் என்று கோடுகள் ஓடுகின்றன. மேனேஜர் ஷோயப் மூலைக் கட்டத்தைப் பேனாவால் தட்டுகிறார். "இது இன்னாம்மா?" "கான்ட்ராக்ட் ஆளுங்க சார். பேரு, வயசு, வாரிசு." "அவங்களுக்குப் பேரு எதுக்கு? மேஸ்திரி கேட்ல தலை எண்ணித்தான விடுறான்? அவன் கட்டத்துலயே 'எத்தனை தலை'ன்னு ஒரு வரி போடு, போதும். ஜாஸ்தி இழுக்காத." "ஏதாச்சும் ஆயிட்டா யாருக்கு சார் குடுப்பாங்க?" "அதெல்லாம் மேஸ்திரி பாத்துப்பான்." அவர் போனில் மூழ்கிவிடுகிறார். டஸ்டரைக் காணோம். பெயரையும் வயதையும் வாரிசையும் அவள் உள்ளங்கையாலேயே தேய்க்கிறாள்; மை நீலமாகக் கையில் அப்பிக்கொள்கிறது. கீழே கேட்டில் வேன் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களின் முதுகைத் தொட்டுத் தொட்டு மேஸ்திரி உரக்க எண்ணுகிறான். "முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. முப்பத்தேழு." முப்பத்தேழு, அவள் அம்மா டோரதி. சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாள். ஆபீஸில் நிற்கும் மகளுக்கு, பக்கத்தில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று பெரிதாகக் கையாட்டுகிறாள். ஜெனிஃபா சிரிக்கிறாள். நீலக் கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள்.