விரல் கிளிப்பும் ரப்பர் செருப்பும்

சளிக்காய்ச்சல் வார்டு ஒன்றில், விரலைக் கவ்விப் பிடித்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் கிளிப் ஒன்று இருந்தது. அன்று காலை அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே ஸ்ட்ரெச்சரில் ஓர் அம்மாள் கட்டில் கிடைக்காமல் மூச்சிரைக்கக் கிடந்தாள். உள்ளே இருப்பவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் வருவதற்குள் கிளிப் சொல்லியாக வேண்டும்.

"நம்ம சன்னாசி போகட்டும். நூத்துக்குத் தொண்ணூற்றாறு காட்டுறேன், போதாதா?" என்றது அவர் விரலைக் கவ்வியிருந்த கிளிப்.

கட்டிலடியில் கிடந்த சன்னாசியின் ரப்பர் செருப்பு சிரித்தது. "படுத்த மனுஷன் விரலைப் பிடிச்சுக்கிட்டு ஜோசியம் சொல்றியாக்கும். கக்கூஸ் போற வழியில ரெண்டு தடவை சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, தம்பி. கூட வந்து பாரேன்."

வீட்டு நினைப்பில் இருந்த சன்னாசி, கிளிப்பைக் கழற்ற மறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கக்கூஸுக்கு நடந்தார். போகும்போது தொண்ணூற்றிரண்டு. திரும்புகையில் எண்பத்தேழு. கிளிப் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். வீட்டுக்குப் போகக் கட்டிவைத்த பையை அவர் மனைவி அவிழ்த்தாள்.

வெளியே மூச்சிரைப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் படியேறிவிட்டார்.

"அண்ணே," என்றது கிளிப் மெல்ல, "மத்த கட்டிலடியில இருக்கிற செருப்புங்களையும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"