படுக்கைப் பிரிவுக்கு மாற்றம்

மனிதகுலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு: முதியோர் இல்லத்தில் யாருடைய தேவை மாறினாலும், இனி மேலாளரே குடும்பத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

முதல் போன் ஒரு பெரியவரின் மகளுக்குப் போனது.

"உங்கப்பா ரொம்பத் தளர்ந்துட்டார் மேடம். படுக்கைப் பிரிவுக்கு மாத்தணும். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"அடடா! நடக்கிறாரா?"

"ரெண்டு பேர் பிடிச்சுக்கணும். கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறோம்."

"சாப்பாடு?"

"இப்பத்தான் என் கையால கஞ்சி ஊட்டிட்டு வர்றேன்."

மகள் மாடிப்பக்கம் திரும்பிக் கத்தினாள். "அப்பா! உங்களைப் படுக்கையில போடணுமாம், சரின்னு சொல்லட்டா?"

"கொஞ்சம் பொறும்மா, துணிக்கொடியைக் கட்டி முடிச்சிடறேன்" என்று ஏணி மேலிருந்து குரல் வந்தது.

அப்பா மகள் வீட்டோடு வந்து ஒரு மாதமாகிறது. இல்லத்தின் வாசல்வரை வந்து வழியனுப்பியது அந்த மேலாளர்தான்.