பிரிக்காத சக்கரங்கள்

சாலைக்கு அடங்காத அகலம் என்பதால் டிராக்டரின் சக்கரங்கள் கப்பலிலேயே தனியாக, பிளாஸ்டிக் சுற்றி வந்திருந்தன. துறைமுகத்திலிருந்து அவற்றை என் மச்சான் லாரியில் கொண்டுவந்தான். டிராக்டரின் உடலை மட்டும் நான் டிரெய்லரில் இழுத்து வந்தேன்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வயல் முழுக்க உழுதிருந்தது. டிராக்டரை வாங்கியவர் கப்பல் வருவதற்குள் தவறிவிட்டார். அவர் மனைவிதான் வாசலில் நின்றார். இத்தனை பெரியதைத் திருப்பி இழுக்க வேண்டியிருக்குமோ என்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

"வேற வண்டி வாங்கிட்டீங்களாம்மா?"

"இல்லப்பா. காலையில எந்திரிச்சுப் பார்த்தா உழுதிருக்கு. அவருக்கு எதுலயும் பொறுமை கிடையாது. நீங்க இறக்குங்க."

மச்சான் ஒரு சக்கரத்தின் பிளாஸ்டிக்கைக் கிழித்தான். டயரின் பல்லிடுக்கெல்லாம் ஈர மண். அதில் ஒரு மண்புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.