மேல் பொத்தான்

நீதிமன்ற வராந்தாவில் அவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். சட்டையின் மேல் பொத்தான் நழுவிக்கொண்டே இருந்தது.

"இங்கே திரும்பு. கழுதை மாதிரி வளர்ந்திருக்கே, ஒரு பொத்தான் போட வரலை" என்று அருகில் நின்ற வயதான அம்மாளே போட்டுவிட்டாள்.

"பயமா இருக்கும்மா."

"என்னைப் பார்த்துப் பேசு."

"உங்க பையனாம்மா?" என்று வாசல் காவலர் கேட்டார். அதற்குள் சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறி அவளைப் பார்த்தான்.

"நான் அப்போ ராணுவத்தில இருந்தேன். இந்த அம்மாவோட மகன் தீவிரவாதி இல்லை, பால்காரர். மேலிடம் சொல்லிச்சு, சுட்டோம். செத்தவருக்குத் தீவிரவாதி உடுப்பை மாட்டி, பொத்தான் போட்டது நான்தான்."

வெளியே வரும்போது தலை நிமிர்ந்து அவள் காவலர் முன் நின்றாள்.

"கேட்டீங்களே தம்பி, இவன் என் பையன் இல்லை. என் பையன் பால்காரன்."